பழைய சைக்கிள் செயினில் கறுப்புப் பிசுக்கா? வீட்டிலேயே எடுக்கலாம்

மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உடனே எண்ணெய் விடத் தோன்றும். விடாதீர்கள். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய் மண்ணோடு குழைந்து, உப்புத்தாள் போலக் கண்ணிகளை அரைக்கும். முதலில் பிசுக்கு போக வேண்டும். இங்கே சொல்வது கியர் இல்லாத சைக்கிளுக்கு.

செயின் கவரின் திருகுகளைக் கழற்றுங்கள். பெடலை மெல்லச் சுற்றினால் ஒரு கண்ணியில் மட்டும் சிறு கிளிப் தெரியும். அதுதான் செயின் லாக். அந்தக் கிளிப்பின் மூடிய முனை (பிளவு இல்லாத பக்கம்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, நோஸ் பிளையரால் தள்ளிக் கழற்றுங்கள். கிளிப்பின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவது நல்லது; தெறித்து ஓடினால் தேடித் தீராது.

வாயகன்ற பாட்டிலில் 200 மி.லி. மண்ணெண்ணெய் ஊற்றி, செயினைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். வாசலில் வைத்தே செய்யுங்கள், அடுப்பு பக்கத்தில் கூடாது.

ஊறும் நேரத்தில் ப்ரீவீல் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பற்களுக்கு இடையே மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணி நாடாவை இழுத்துத் துடையுங்கள். ப்ரீவீலுக்குள் ஊற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெய் கரைந்து பேரிங் குண்டுகள் வறண்டுவிடும். டயரிலும் பிரேக் கட்டையிலும் படக் கூடாது. ரிம்மின் குரோம் துருவுக்கு, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

இப்போது பாட்டிலை மூடிக் குலுக்கி, செயினை எடுத்து டூத் பிரஷால் நான்கு பக்கமும் தேயுங்கள். காதருகே வைத்து மடக்கிப் பாருங்கள். நறநறவென்றால் உள்ளே இன்னும் மண் இருக்கிறது. புது மண்ணெண்ணெயில் இன்னொரு முறை அலசுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், துணியால் துடைப்பு, ஒரு மணி நேர வெயில்.

மாட்டும் முன் அளந்துவிடுங்கள். கண்ணிகளை இணைக்கும் பின்களில் (சிறு ஆணிகளில்) முதல் பின்னிலிருந்து 25-வது பின் வரை 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடியிருந்தால் புது செயின்தான். தேய்ந்ததைக் கழுவிப் பயனில்லை.

லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறினால் எங்காவது உரசிக் கழன்றுவிடும். செயினை நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். கண்ணிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை வறண்டுபோகும்படி துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஓர் இரவு அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்து மூடி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.