முதுகு முழுவதும் ஆட வேண்டுமா? சுருண்டு இறங்கிப் பழகுங்கள்

நடனமாடும்போது கையும் காலும் சரியாகப் போயும் உடம்பு விறைப்பாகத் தெரிந்தால் முதுகைக் கவனியுங்கள். அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24: கழுத்தில் 7, மேல்முதுகில் 12, கீழ்முதுகில் 5. குனியச் சொன்னால் பலருக்குக் கீழே உள்ளவைதான் உழைக்கும். நடுவில் உள்ள 12 பலகைபோல் கிடக்கும். நானும் நெடுநாள் போராடிய இடம் அது.

1. முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். தடித்த மேட் வேண்டாம், மெல்லிய விரிப்பு போதும். முதுகில் எது தரையைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று அப்போதுதான் தெரியும். கழுத்தும் கீழ்முதுகும் சற்றுத் தூக்கியிருப்பது இயல்பான வளைவு, அமுக்க வேண்டாம்.

2. பின்பக்க விலா தரையில் விரியும்படி மூச்சை இழுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் நடனமுறைக்கு அடிப்படையான உடற்சுருக்கமும் தளர்வும் மூச்சிலிருந்து பிறந்தவைதான்.

3. இனி சுவர். குதிகாலை ஒரு சாண் தள்ளிவைத்து, முழங்காலை இளக்கி, பிட்டமும் முதுகும் படச் சாய்ந்து நில்லுங்கள். மூச்சை விட்டபடி தலையைத் தொங்கவிடுங்கள். நான்கைந்து கிலோ கனம் அது, தானே இழுக்கும். கழுத்து முடிந்து விலா தொடங்கும் இடத்தில் நிதானியுங்கள். அந்த 12 எலும்புகளிலும் விலாக்கள் பொருந்தியிருப்பதால் வளைவு குறைவு. உடம்பு சட்டென்று இடுப்பு மூட்டில் மடிந்து தப்பிக்கப் பார்க்கும். பிட்டம் சுவரை அழுத்தினால் அதுதான் நடக்கிறது. அங்கேயே நின்று, பின்விலாவுக்கு ஒரு மூச்சு அனுப்பி, அடுத்த எலும்பை மட்டும் சுவரிலிருந்து உரித்தெடுங்கள். ஒரு விரல்கடை இறங்கினாலும் போதும்.

4. திரும்பும் அசைவுக்குக் கீழ்முதுகை முறுக்காதீர்கள். அதன் மூட்டுகள் மிகக் கொஞ்சமே திரும்பும். நெஞ்சைத் திருப்புங்கள், பிறகு தலையை. கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி, உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது.

சரிபார்க்கக் கண்ணாடியைவிட, பக்கவாட்டில் வைத்த போன் வீடியோவே மேல். கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்பினாலே முதுகின் வரிசை கலைந்துவிடும்.

பின்சேர்க்கை: நிமிரும்போது தலைசுற்றுவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். கீழிருந்து ஒவ்வொன்றாக அடுக்கி, தலையைக் கடைசியாக மெதுவாகத் தூக்குங்கள். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டில் (டிஸ்க்) பிதுக்கமோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் மூன்றாம் படியைச் செய்ய வேண்டாம். முதலில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். முதலிரண்டு படிகளும் அவர் சொன்ன பிறகே.