எதிரோட்டத்தில் ஒரு நாள்: சொந்தப் படகில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் படகுத்துறையில், புதிதாகப் படகு வாங்கிய இருவர் வரைபடத்தில் தூரத்தை அளந்து, அதைப் படகின் வேகத்தால் வகுத்து, "நான்கு மணி நேரம் போதும்" என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். என் முதல் பருவத்தில் நானும் போட்ட கணக்கு அது. உயிர்காப்பு அங்கி, முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீரோட்டத்தைக் கழிக்காத கணக்கு

அசையாத நீரில் உங்கள் படகு மணிக்கு 9 கிலோமீட்டர் போகும், ஓட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஓட்டத்துக்கு எதிராக 36 கிலோமீட்டர் மேலே செல்ல நான்கு மணி நேரம் போதாது, ஆறு மணி நேரம் ஆகும். மேற்புறத்தில் பெய்த மழையால் ஓட்டம் 5 ஆக உயர்ந்துவிட்டால் ஒன்பது மணி நேரம்! ஓட்டம் கூடியது இரண்டே கிலோமீட்டர். பயணமோ மூன்று மணி நேரம் நீண்டுவிட்டது. பாலத் தூண்களுக்கு இடையிலும் ஆறு குறுகும் இடங்களிலும் ஓட்டம் இன்னும் கடுமையாக இருக்கும்.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது அடுத்து நடப்பதுதான். மாலையில் லாக் (நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) மூடுவதற்குள் சேர வேண்டுமென்று எஞ்சினை முழு விசைக்கு ஏற்றுவார்கள். நீரை விலக்கிச் செல்லும் கனமான படகுக்கு அதன் உடலமைப்பே விதிக்கும் வேக எல்லை ஒன்று உண்டு. அதை நெருங்கும்போது, தேவைப்படும் எஞ்சின் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப உயரும். 9-இலிருந்து 11-க்குப் போகவே கிட்டத்தட்ட 1.8 மடங்கு திறன் வேண்டும். கிடைப்பது பெரிய அலை, கரை அரிப்பு, கரையில் கட்டியிருக்கும் படகுகளின் உரிமையாளர்களிடம் திட்டு. நான் அப்படி மூன்று மணி நேரம் ஓட்டினேன். குளிர்விக்கும் நீரின் வடிகட்டியை நீர்த்தாவரம் அடைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. எஞ்சின் கொதித்து, சிலிண்டர் மூடி வளைந்து, இன்னொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பருவம் முழுவதும் படகு கரையில் கிடந்தது.

கிளம்பிய முதல் அரை மணி நேரத்தில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தைப் பாருங்கள்; கரையைப் பொறுத்த உண்மை வேகம் அதுதான். சேரும் இடத்தைவிடத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும், எங்கே இருந்தாலும் படகைத் திருப்புங்கள்.

லாக்கில் கயிற்றை முடிச்சிடுவது

மேலே ஏறும்போது உள்ளே பாயும் நீர் படகை அலைக்கழிக்கும். முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, தளர்வை உடனுக்குடன் இழுத்துக்கொண்டே இருங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இறங்கும்போது முடிச்சிட்டிருந்தால், நீர் கீழே போகப் போகப் படகு கயிற்றில் தொங்கும்.

வளைவில் உட்கரையை ஒட்டிச் செல்வது

உட்புறத்தில் ஓட்டம் குறைவு என்பதால் மேலே போகிறவருக்கு ஆசை வரும். மணல் படிவதும் அங்கேதான். ஆழம் பெரும்பாலும் வெளிக்கரை ஓரம் இருக்கும்.

மிதவை நிறத்தில் பழக்கத்தை நம்புவது

மேல்நோக்கிச் செல்கையில் சிவப்பு மிதவை ஐரோப்பாவில் இடப்பக்கம், அமெரிக்காவில் வலப்பக்கம்.

நங்கூரத்தைப் பெட்டிக்குள் வைப்பது

எஞ்சின் நின்ற கணமே ஓட்டம் உங்களைப் பின்னால் இழுக்கும். நங்கூரம் அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிற்றோடு தயாராக இருக்கட்டும்.

ஓட்டத்தோடு வந்து கரை சேர்வது

திரும்பும் வழியிலும், முகப்பை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிய பிறகே கரையை நெருங்குங்கள்.