ஸ்டஃபிலோகாக்கஸ் ரத்தத்தொற்று விகிதம்: எதை எண்ணுவது, எதை விடுவது

ஆஸ்திரேலிய அரசு மருத்துவமனைகளின் ரத்தத்தொற்று விகிதம் என்று ஆண்டுதோறும் வெளியாவது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஒரே கிருமியின் கணக்கு. மருத்துவமனைச் சிகிச்சையால் வந்த தொற்று 10,000 நோயாளி நாட்களுக்கு எத்தனை என்று சொல்வார்கள். ஒரு நோயாளி தங்கும் ஒரு நாள்தான் ஒரு நோயாளி நாள். 2020 ஜூலை முதல் வரம்பு 1.0, அதற்கு முன் 2.0. வகுத்தல் சுலபம், எண்ணுவதில்தான் பிழை வரும்.

ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது ரத்தக் கல்ச்சர். லேபிலிருந்து பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சர் பட்டியலை வாங்குங்கள். இந்தக் கிருமி ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்திருந்தாலும் சேரும். தோலிலிருந்து ஒட்டியிருக்கும் என்று தள்ளிவிடக் கூடாது. அதே நோயாளிக்கு 14 நாளுக்குள் மறுபடி வளர்ந்தால் புதிதாக எண்ண வேண்டாம்.

அடுத்து, ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள், ரிசல்ட் வந்த நேரத்தை அல்ல. அட்மிட்டாகி 48 மணி நேரம் கழித்தோ, டிஸ்சார்ஜாகி 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தால் மருத்துவமனைத் தொற்றுதான்.

அட்மிட்டான 48 மணி நேரத்துக்குள் எடுத்ததை 'வெளியிலிருந்து வந்தது' என்று அப்படியே மூடிவிடாதீர்கள். தவறவிடுவது இங்கேதான். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் குளிர்காய்ச்சலோடு எமர்ஜென்சிக்கு வருகிறார், ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுக்கிறார்கள். நெஞ்சில் டயாலிசிஸ் குழாய் நுழையும் இடத்தில் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால் சிவப்பு, ஓரத்தில் சீழ். அந்தக் குழாயால் வந்த தொற்று இது, கட்டாயம் சேரும். அதுவும் கண்டுபிடித்த மருத்துவமனையின் பேரில் அல்ல, தொற்றுக்குக் காரணமான சிகிச்சையைக் கொடுத்த மருத்துவமனையின் பேரில். ஆபரேஷன் காயத்திலிருந்து 30 நாளுக்குள் வந்ததும், கீமோவால் வெள்ளையணு குறைந்தபோது வந்ததும் அப்படியே. ஆகவே கேஸ் ஷீட்டைப் படிக்காமல் முடிவெடுக்க முடியாது.

நோயாளி நாட்களில் அட்மிட்டான நாள் உண்டு, டிஸ்சார்ஜ் நாள் இல்லை. அன்றே வந்து அன்றே போனவருக்கு 1.

1,50,000 நோயாளி நாட்களில் 12 தொற்று என்றால் 12 ÷ 1,50,000 × 10,000 = 0.8. ஆண்டுக்கு 4,000 நாட்களே உள்ள சின்ன மருத்துவமனையில் ஒரே தொற்று வந்தாலும் 2.5 ஆகிவிடும், மறு வருடம் பூஜ்யம். இதை வைத்து அங்குள்ள ஊழியர்களைக் குறை சொல்வது அநியாயம். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

விகிதம் 0.8 என்று வந்த பிறகும் அந்த 12 பேரின் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுங்கள். கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய்) எந்தக் கையில், எந்தத் தேதியில் போட்டார்கள், கடைசியாக எப்போது அதன் வழியே மருந்து போனது என்று பாருங்கள். மருந்து நின்ற பிறகும் கையிலேயே கிடந்த கேனுலாவைக் கண்டால், அந்த வார்டில் தினமும் காலை ரவுண்ட்ஸில் 'இது இன்னும் வேண்டுமா?' என்று கேட்கச் சொல்லுங்கள்.