இலவச உடைக் கடை: ஒரு சின்ன அறையை நீங்களே அமைப்பது எப்படி?

நன்கொடையாக வந்த உடைகளைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் குடோன் மாதிரிதான் இருக்கின்றன. மேஜையில் குவித்துவைத்து "வேண்டியதை எடுத்துக்கோங்க" என்றால், வருகிறவர் கூச்சப்பட்டுக் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதே உடைகள் வரிசையாகத் தொங்கினால் நின்று, அளவு பார்த்து, பிடித்ததை எடுப்பார். ஆகவே காசு வாங்காத இடத்தைத்தான் அசல் கடையாக அமைக்க வேண்டும். நான் ஒரு பொது அறையை இப்படி மாற்றிய முறை இது. கணக்குக்கு 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

1. அளந்து வரையுங்கள்

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஸ்விட்ச் போர்டு எங்கே என்பதையும் குறியுங்கள். மென்பொருள் கற்றுக்கொண்டு உட்கார வேண்டாம். கிராஃப் தாள் போதும். 1:20 அளவில் ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. இந்த அறை ஓர் ஏ4 தாளில் அடங்கிவிடும்.

2. பின்பக்கத்தை முதலில் ஒதுக்குங்கள்

மூட்டைகள் வந்துகொண்டே இருக்கும். பிரித்து, கிழிசல் பார்த்து, அளவுவாரியாக அடுக்க 1.5 மீட்டராவது விட்டுத் திரை போடுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் மூட்டைகள் கடைக்குள் வந்துவிடும்.

3. ஸ்டாண்டுகளும் நடைபாதையும்

என்னை அதிகம் படுத்திய படி இது. எல்லோரும் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே அளப்பார்கள். ஆனால் இடத்தை அடைப்பது கம்பி இல்லை, ஹேங்கர். பெரியவர்களுக்கான ஹேங்கர் சுமார் 45 செ.மீ. அகலம், சட்டையின் கை வெளியே தள்ளி நிற்பதையும் சேர்த்தால் 60 செ.மீ. போய்விடும்.

இப்போது கூட்டுங்கள். இரு சுவர்களிலும் ஒவ்வொரு ஸ்டாண்டு, நடுவில் ஒன்று, ஆக 180 செ.மீ. மீதி 220-ஐ இரண்டாகப் பிரித்தால் பாதைக்கு 110. சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வேண்டும், அதனால் சரி. அதுவே 3 மீட்டர் அறையென்றால் பாதைக்கு 60-தான் மிஞ்சும். அங்கே நடு ஸ்டாண்டை மறந்துவிடுங்கள்.

தாளில் சரியாக வந்தாலும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நடந்து பாருங்கள். உரசினால், குனிந்து அளவுச் சீட்டைப் பார்க்க யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். வாசலை ஒட்டியும் ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும்.

4. உயரம்

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுவது சுமார் 120 செ.மீ. வரைதான். இடம் மிச்சம் என்று மேலும் கீழுமாக இரண்டு கம்பி போட்டால், எல்லா அளவும் கீழ்க் கம்பியிலும் கிடைக்க வேண்டும். கம்பிக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தாங்கி கொடுங்கள். கனமான கோட்டுகள் சேர்ந்தால் வளைந்துவிடும்.

5. டிரையல் ரூம்

கட்டாயம் வேண்டும். கதவு வேண்டாம், தரைவரை தொங்கும் கெட்டித் திரை போதும். உள்ளே ஒரு ஸ்டூல், இரண்டு கொக்கி. திரை விலகும்போது கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவர் வெளியே தெரியக்கூடாது. கண்ணாடியைப் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

6. வெளிச்சம்

பெயின்ட்டில் மிச்சம் பிடித்தாலும் விளக்கில் பிடிக்காதீர்கள். 4000 கெல்வின் (மஞ்சளோ நீலமோ தூக்காத வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். மட்டமான விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். வெளிச்சம் தொங்கும் உடைமேல் விழ வேண்டும், நடைபாதையின் மேல் இல்லை.

பின்சேர்க்கை: டிரையல் ரூமுக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் காலியாக வேண்டும். இடம் போதாவிட்டால் திரையை வளைவுக் கம்பியில் மாட்டி வெளிப்பக்கமாக விரித்துக்கொள்ளலாம். இன்னொருவர் சக்கரம் வைத்த ஸ்டாண்டு பற்றிக் கேட்டார். தாராளமாக வாங்கலாம், அறையை வேறு கூட்டத்துக்கும் விட வேண்டியிருந்தால் அதுதான் வசதி. நான்கில் இரண்டு சக்கரத்துக்காவது பிரேக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.