பிரேசில் முன்கள வீரரின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பிரேசில் முன்கள வீரர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவர் அடித்த மொத்தக் கோல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அந்நாட்டுக் கால்பந்தில் 'மொத்தம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. 1969 நவம்பர் 19 அன்று மரக்கானா அரங்கில் பெலே பெனால்டியில் அடித்த ஆயிரமாவது கோலின் கணக்கில் நட்புமுறை ஆட்டங்களும் அடங்கும். 2007 மே மாதம் ஆயிரத்தைத் தொட்ட ரொமாரியோவின் கணக்கில் இளையோர் ஆட்டங்களும் சேர்ந்துள்ளன. ஆகவே தேசிய லீக், மாநிலப் போட்டி (பிரேசிலின் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக நடப்பது), கோப்பைப் போட்டிகள், நாட்டு அணி, நட்புமுறை என அட்டவணையில் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்துக்கொண்ட பிறகே கூட்டலுக்குப் போக வேண்டும். மாநிலப் போட்டிகளைச் சில்லறையாக எண்ணி விட்டுவிடக் கூடாது. பெலேயின் காலத்தில் ஒரு வீரரின் ஆண்டில் பெரும்பங்கை நிரப்பியவை அவையே.

அடுத்து காலக்கணக்கு. ஐரோப்பாவின் பெரும்பாலான லீக்குகள் ஓர் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி மறு ஆண்டில் முடிகின்றன. பிரேசிலின் கணக்கோ நெடுங்காலமாக நாட்காட்டி ஆண்டையொட்டியே நடந்துவந்தது. எடுத்துக்காட்டாக, பிரேசிலின் ரொனால்டோ (போர்த்துகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ அல்ல) 1994-இன் முற்பகுதியில் உள்நாட்டு அணியான குருசெய்ரோவிலும் பிற்பகுதியில் ஹாலந்தின் பிஎஸ்வி அணியிலும் ஆடியதால், அந்த ஆண்டை இரண்டு வரிகளாக எழுதினால்தான் கணக்குப் பிசகாது.

மூன்றாவதாக, வீரரின் உடலுக்கென, அதாவது அவர் பட்ட காயங்களுக்கென, ஒரு பத்தி வேண்டும். என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 1999 நவம்பரில் இத்தாலியின் லெச்சே அணிக்கு எதிரான ஆட்டத்தில் ரொனால்டோவின் வலது முழங்கால் காயமுற்றது. அறுவை சிகிச்சைக்குப் பின், 2000 ஏப்ரல் 12 அன்று இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் லாட்சியோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிடங்களே ஆகியிருந்தன. பந்தோடு முன்னேறிப் பந்தின் மேல் காலை வீசி எதிராளியைத் திசைதிருப்ப முயன்ற நொடியில், எவரும் தொடாமலேயே அந்த முழங்கால் மடிந்துவிட, காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். 2000-01 பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. உங்கள் அட்டவணையில் அந்தச் சுழியத்தை நீக்காமல் அப்படியே நிறுத்துங்கள். 2002 உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களில் அவர் அடித்த 8 கோல்களின் எடை அதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

காயத்துக்கு முன்னும் பின்னுமாக ஓர் ஆட்டம் வீதம் தேர்ந்து, முழுமையாகப் பாருங்கள். 1996 அக்டோபரில் பார்சிலோனாவுக்காக ஸ்பெயினின் கொம்போஸ்தெலா அணிக்கு எதிராக ஆடியபோது, சட்டையைப் பிடித்து இழுத்தவரையும் உதறிவிட்டு, மைதானத்தின் நடுவிலிருந்து ஓடிப் போய்க் கோல் அடித்தார். பயிற்சியாளர் பாபி ராப்சன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். 2003 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கில் ரியல் மாட்ரிட்டுக்காக மூன்று கோல்கள் அடித்தபோது அத்தகைய நெடும் ஓட்டம் தேவைப்படவில்லை. சரியான இடத்தில் நின்று, குறைந்த தொடுதல்களில் முடித்தார், களத்தைவிட்டு வெளியேறும்போது எதிரணி ரசிகர்களும் எழுந்து கைதட்டினர். ஒரே வீரர் தம் ஆட்டத்தை எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்பதை எந்த எண்ணும் இவ்வளவு துலக்கமாகக் காட்டாது.

ரொனால்டோவின் நாட்டு அணிக் கணக்கு எளிது: 98 ஆட்டங்கள், 62 கோல்கள், அவற்றுள் உலகக் கோப்பையில் 15.

1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. அன்று அவருக்கு வலிப்பு வந்தது, அணிப் பட்டியலில் முதலில் விடுபட்ட பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது, பிரான்சிடம் பிரேசில் 0-3 எனத் தோற்றது. இவற்றைத் தாண்டிய ஊகங்களுக்கு இடம் தர வேண்டாம். அதே நேர்மையை இறுதி அத்தியாயத்திலும் காட்டுங்கள். கொரிந்தியன்ஸ் அணிக்காக 2009-இல் சாவோ பாவ்லோ மாநிலப் பட்டத்தையும் பிரேசில் கோப்பையையும் வென்றவர், 2011 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தபோது, உடல் வலியையும் தைராய்டு சுரப்புக் குறைவையும் தாமே காரணமாகச் சொன்னார். அவர் சொன்ன அந்தக் காரணத்தை அவர் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள்.