குட்டிப் படகுல கடல் தாண்டின கதை படிக்கப் போறீங்களா?

சின்ன பாய்மரப் படகுல மாசக்கணக்கா கடல்ல போனவங்க எழுதின புக் படிக்கிறப்போ பக்கத்துல ஒரு உலக மேப்பும் பென்சிலும் வச்சுக்கோங்க, அவங்க சொல்ற ஒவ்வொரு இடத்தையும் புள்ளி வச்சு கோடு இழுத்துட்டே போனா, ஏன் நேரா போகாம அவ்ளோ சுத்திப் போறாங்கன்னு தானா புரியும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதான் அங்க ரூட்டு.

முதல்ல ஜோஷுவா ஸ்லோகம் எழுதினதை எடுங்க. 1895ல பாஸ்டன்ல கிளம்பி 1898ல திரும்பி வந்தாரு, தனியா உலகத்தைச் சுத்தின முதல் ஆள். பழைய புக், குட்டன்பர்க் சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. தென் அமெரிக்காவோட தென்கோடியில இருக்கிற மகெல்லன் ஜலசந்திகிட்ட ராத்திரி யாராவது படகுல ஏறிடுவாங்கன்னு டெக் பூரா கார்பெட் ஆணியைப் பரப்பி வச்சுட்டு தூங்குவாரு, அந்த இடத்தை மட்டும் நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னே தெரியல!

ஆனா அவர் படகு கிட்டத்தட்ட 37 அடி. நிஜமாவே குட்டி வேணும்னா ராபர்ட் மேன்ரி எழுதினதை எடுங்க, அவர் 1965ல பதிமூணரை அடி படகுல 78 நாள்ல அட்லாண்டிக்கைத் தாண்டினாரு. உங்க ரூம்ல டேப் வச்சு அந்த நீளத்தை அளந்து பாத்துட்டு அப்புறம் படிங்க, ஒவ்வொரு அலையும் வேற மாதிரி தெரியும்.