மத்தியாஸ் போவின் பழைய ஆட்டங்களைப் பார்த்து பேட்மிண்டன் டபுள்ஸ் பழகுவது எப்படி

மத்தியாஸ் போ என்றால் நம்மில் பலருக்கு நடிகை டாப்சியின் கணவர், மிஞ்சிப்போனால் நம் பேட்மிண்டன் டபுள்ஸ் வீரர்கள் சாத்விக், சிராக் ஜோடிக்குப் பயிற்சி கொடுத்தவர். அதற்கு முன்னால் அவர் கார்ஸ்டன் மோகென்சனோடு சேர்ந்து டென்மார்க்குக்கு ஆடி, 2011, 2015 என இரண்டு முறை ஆல் இங்கிலாந்து பட்டமும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியவர். 2016இல் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை முதல்முறையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன அணியிலும் இருந்தார், 2020இல் ஓய்வு பெற்றார். சிங்கிள்ஸ் ஆடிப் பழகிவிட்டு டபுள்ஸில் எங்கே நிற்பது என்று முழிக்கிறவர்களுக்கு நான் முதலில் இவரைத்தான் காட்டுவேன்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது? லண்டன் இறுதியை விடுங்கள், சீனாவின் சாய் யுன், ஃபூ ஹைஃபெங் இரண்டே கேம்களில் முடித்துவிட்டார்கள். அரையிறுதியைத் தேடுங்கள். கொரியாவின் சுங் ஜே சுங், லீ யோங் டே ஜோடியிடம் முதல் கேமைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதை 22-20 என்று பிடித்த ஆட்டம் அது.

முதல் தடவை சும்மா ரசித்துப் பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஷட்டிலை மறந்து போவை மட்டும் பாருங்கள். கஷ்டம்தான், கண் தானாக ஷட்டில் பின்னால் ஓடும், டென்மார்க் ஜோடி கேமரா பக்கம் ஆடும்போது திரையின் மேல்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். பின்னாலிருந்து மோகென்சன் ஸ்மாஷ் அடிக்கும்போது முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறாரா, ராக்கெட் எந்த உயரத்தில் இருக்கிறது, ஸ்மாஷ் போன பக்கம் கால் எப்போது நகர்கிறது என்று கவனியுங்கள். நாம் செய்கிற தப்பு எல்லாம் இங்கேதான்: ராக்கெட்டைத் தொங்கவிட்டு பார்ட்னர் அடிப்பதை வேடிக்கை பார்ப்போம், எதிராளி திருப்பியது மூக்குக்கு முன்னால் வந்த பிறகு கை தூக்குவோம்.

அப்புறம் சர்வ். ஒவ்வொரு சர்வுக்கும் அடுத்த இரண்டு அடிகளோடு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பாதிப் பாயிண்ட் அதற்குள்ளேயே யார் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சர்வ் உயரத்தை இந்த வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். அப்போது ஆளின் இடுப்புக்குக் கீழே தொட வேண்டும் என்பதுதான் கணக்கு. 2018லிருந்து சர்வதேசப் போட்டிகளில், ஆள் எவ்வளவு உயரமானாலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழேதான் ஷட்டிலைத் தொட வேண்டும்.

போ இடதுகை, மோகென்சன் வலதுகை. உங்கள் ஜோடியும் அப்படியானால் அதிர்ஷ்டம், ஆனால் ஒரு விஷயத்தை முன்னாலேயே பேசிவிடுங்கள். இடதுகைக்காரர் வலப்பக்கம் நின்றால் இருவருடைய ஃபோர்ஹேண்டும் நடுவில் வரும், அப்போது நடுவில் வருகிற ஷட்டிலுக்கு இரண்டு ராக்கெட்டும் பாயும், மோதும். இடம் மாறினால் நடுவில் இரண்டு பேக்ஹேண்ட், அப்போது இருவரும் விட்டுவிடுவீர்கள். யார் எடுப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் பார்த்த அன்றே கோர்ட்டில் பத்து நிமிடம், இருவரும் நெட்டுக்கு எதிரெதிரே நடுக்கோர்ட்டில் நின்று, ஷட்டிலை மேலே தூக்காமல் நேராக ட்ரைவ் மட்டும் அடியுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ராக்கெட் நெஞ்சு உயரத்துக்குத் திரும்புகிறதா என்று வெளியே இருக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நமக்கு நாமே தெரியாது.